திருவுளம் தெரியும்வரை

எங்கள் செயின்ட் ஹிலரித் தீவில் காரணமில்லாமல் யாரையும் சிறையில் வைப்பதில்லை. காரணம் கட்டாயம் இருக்கும். அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதுதான் சில சமயம் தெரியாமல் போகும். ஆல்ரிக்கின் விஷயத்தில் அந்தக் குறையும் இல்லை. கோப்பு இருந்தது, கோப்பில் காரணம் இருந்தது, காரணத்தின் கீழே நீதிபதியின் கையெழுத்தும் இருந்தது. அவன் இத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்ததில் ஒரு விதிமீறல்கூடக் கிடையாது என்று நான் எந்தச் சபையிலும் சொல்லத் தயார். என் பெயர் கிளிட்டஸ். அரசுச் செயலகத்தில் குறிப்பெழுதும் குமாஸ்தா. கூட்டங்களில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, பெரியவர்கள் பேசியதைப் பேசியிருக்க வேண்டியதாக மாற்றி எழுதுவது என் வேலை.

ஆல்ரிக் எங்கள் தெருக்காரன். இருபது வயதில் ஒரு கடும் காய்ச்சல் வந்து போனபின் அவன் மனம் கொஞ்சம் தடம் மாறியது. தனக்குத்தானே பேசிக்கொள்வான், ஆடுகளுக்குக் காலை வணக்கம் சொல்வான், மற்றபடி யாருக்கும் தொந்தரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முற்றிய சீமைப்பலாக்காய் ஒன்றைத் தபால் நிலையத்தின் மேல் எறிந்தான். ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அதோடு நின்றிருந்தால் மூன்று மாதம். உள்ளே சுவரில் மாட்டியிருந்த மகாராணியின் படத்துக் கண்ணாடியும் சேர்ந்து உடைந்ததில்தான் விவகாரம் அரசியல் சட்டத்துக்குள் போய்விட்டது.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார்.

"அந்தம்மா இத்தனை வருஷமா சிரிக்கவே இல்லையே, என்னம்மா கஷ்டம்னு யாராவது கேட்டீங்களா?" என்றான் ஆல்ரிக்.

பதில் சொல்லும் மனநிலையில் இவன் இல்லை என்று நீதிபதி முடிவு செய்தார். அப்படிப்பட்டவர்களை விசாரிக்க முடியாது. விசாரிக்காதவரைத் தண்டிக்க முடியாது, விடுதலை செய்யவும் முடியாது. அதற்கென்றே சட்டத்தில் பழைய வாசகம் ஒன்று இருக்கிறது. 'மாட்சிமை தங்கிய அரசியாரின் திருவுளம் தெரியும்வரை இவரைக் காவலில் வைக்கவும்.' நீதிபதி எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

கடலுக்கு அந்தப் பக்கம் நாலாயிரம் மைல் தள்ளி இருக்கும் மகாராணிக்கு இப்படி ஒரு திருவுளம் தன்னிடம் பாக்கி இருப்பதை யார் சொல்வது என்று வாசகத்தில் இல்லை. சொல்வார்கள் என்று நீதிமன்றம் நினைத்தது. நீதிமன்றம் சொல்லியிருக்கும் என்று சிறை நினைத்தது. ஆல்ரிக்கின் அம்மா மட்டும் யாரையும் நம்பாமல், கிறிஸ்துமஸ் தோறும் மகாராணிக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார். உள்ளே மகனைப் பற்றி நாலு வரி. ஆறாம் வருஷம் அரண்மனையிலிருந்து பதில் வந்தது. தடித்த தாள், தங்க முத்திரை. 'தங்கள் வாழ்த்து அட்டை கண்டு மாட்சிமை தங்கிய அரசியாரின் திருவுளம் மிக மகிழ்ந்தது.'

திருவுளம் தெரிந்துவிட்டது! தெருவே கூடிப் பாடியது. அம்மா மகனுக்குப் புதுச் சட்டை, செருப்பு, பொரித்த ரொட்டி எல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொண்டு, வாடகைக் காரை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, சிறைக்குள் போனார். கண்காணிப்பாளர் கடிதத்தை எழுந்து நின்று படித்தார். முத்திரை இருந்ததால் தொப்பியைக்கூடக் கழற்றினார். பிறகு உட்கார்ந்தார்.

"அம்மா, திருவுளம் மகிழ்ந்தது அட்டையப் பாத்து. உங்க பையனப் பாத்து இல்ல."

கடிதத்தின் நகல் கோப்பில் சேர்க்கப்பட்டது. செருப்பை அவன் கால் பார்க்கவில்லை. இரண்டு வருஷத்தில் அம்மா போய்ச் சேர்ந்தார். கேட்பது என்ற வேலை அக்கா வெர்லினுக்கு வந்தது.

வெர்லின் செயலக வாசலில் உப்புமீனும் பொரித்த ரொட்டியும் விற்பவர். அமைச்சர் முதல் பெருக்குபவர் வரை அவர் கையால் சாப்பிடாதவர் இல்லை. எல்லாரிடமும் தம்பியைப் பற்றிக் கேட்பார். எல்லாரும் வாயில் ரொட்டியோடு தலையாட்டுவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நல்ல மருத்துவர் வந்து, ஆல்ரிக்குக்கு இப்போது மனம் தெளிவாக இருக்கிறது, விசாரணையைத் தாங்குவான் என்று சான்றிதழ் கொடுத்தார். விசாரிக்கலாம் என்று பார்த்தால் சாட்சி சொல்ல வேண்டிய தபால்காரர் இறந்திருந்தார், நீதிமன்றத்திலிருந்த வழக்குக் கட்டைப் புயல் கொண்டு போயிருந்தது, திரும்ப விசாரிக்கவும் திருவுளம் வேண்டியிருந்தது.

பிறகு மகாராணி காலமானார். பன்னிரண்டு நாள் கொடி தாழ்ந்து பறந்தது. வெர்லின் எனக்கு ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் கிளிட்டஸ், போறதுக்கு முன்னாடி எதாச்சும் சொல்லிட்டுப் போனாங்களாமா?"

"எதைப் பத்தி மிஸ் வெர்லின்?"

"எதைப் பத்தியா? நான் வேற எதைப் பத்திடா கேப்பேன், மழையைப் பத்தியா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. சிறைத்துறைக்குப் போய் விசாரித்தேன். ஆல்ரிக்கின் கோப்பை எடுத்துக் காட்டினார்கள். மேலட்டையில் 'அரசியார்' என்பதைச் சிவப்பு மையில் அடித்து 'அரசர்' என்று எழுதியிருந்தது. பழைய திருவுளம் அதற்குரியவரோடு போய்விட்டது, இனிப் புது அரசரின் திருவுளத்துக்காகக் காத்திருக்க வேண்டும், அவர் பட்டத்துக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு என்றார்கள். ஆகவே ஆல்ரிக் உள்ளே வந்த தேதியும் மாற்றப்பட்டிருந்தது. அந்த வருஷ அறிக்கையில், காத்திருப்போரின் சராசரிக் காலத்தை இருபத்தெட்டு ஆண்டிலிருந்து நான்கு மாதமாகக் குறைத்ததற்காகச் சிறைத்துறைக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அந்தப் பத்திரத்தை எழுதியவன் நான்.

அடுத்த வருஷம் தீவு முழுக்க ஒரே பேச்சு. நமக்கு எதற்கு அங்கே ஒரு ராஜா, நாம் குடியரசு ஆக வேண்டாமா? ஆகலாமா கூடாதா என்று ஆராய ஓர் ஆணையம் போட்டார்கள். தலைவர் சர் எவரார்ட் பின்டார். 'சர்' பட்டம் மகாராணி இவர் தோளில் வாள் வைத்துக் கொடுத்தது. ஆணையத்தின் கடிதத்தாளில் 'குடியரசு' என்ற சொல்லைவிட 'சர்' கொஞ்சம் பெரிதாக அச்சாகியிருந்தது. ஒரு நிருபர் அதைக் கேட்டபோது அவர் கண்கலங்கினார்.

"தம்பி, இந்தப் பட்டம் ஒரு அடிமைச் சின்னம். இந்த பாரம் அடுத்த தலைமுறைக்கு வேண்டாம்னுதான் நான் சாகிற வரைக்கும் நானே சுமக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்."

ஆணையத்துக்குக் குறிப்பெழுத என்னைப் போட்டார்கள். ஊர் ஊராகக் கருத்துக் கேட்டோம். எங்கள் பகுதிக்கு வந்தபோது மாதாகோவில் மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலில் ராஜா பக்கம் பேசியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை மிஸ் ஹையசிந்த். தொப்பி, கையுறை, எண்பத்தொரு வயது.

"அரசர் நமக்கு என்ன கெடுதல் செஞ்சாரு? ஒண்ணு சொல்லுங்க! நம்ம ரோட்டுக் குழிக்கு அவரா காரணம்? அவர் நம்ம விஷயத்துல தலையிட்டதே இல்ல. நாம இருக்கோம்னே அவருக்குத் தெரியாது. இதவிட நல்ல ஆட்சி உலகத்துல உண்டா?"

பலத்த கைதட்டல். குடியரசுக் கட்சிக்காரர்களும் கொஞ்சம் தட்டினார்கள். ரோட்டுக் குழிக்கு யார் காரணம் என்று அவர் சொல்லாமல் விட்டதற்காக இருக்கலாம்.

அடுத்து வெர்லின். மூன்று நிமிஷம் கொடுத்திருந்தார்கள். ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் நின்றார்.

"ஐயா, எனக்கு ராஜா வேணும்னும் இல்ல, வேண்டாம்னும் இல்ல. என் தம்பி வீட்டுக்கு வரணும். அதுக்கு யாரோட மனசு எளகணும்னு மட்டும் சொல்லுங்க. நான் போய்க் கேட்டுக்கறேன். தூரம்னாலும் பரவால்ல."

மண்டபத்தில் இரண்டு பக்கமும் எழுந்து நின்று தட்டியது. சர் எவரார்ட் மேடையை விட்டு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாட்டுக்கே ஆல்ரிக் யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் பத்திரிகைகளில் அவன் இருபது வயசுப் படம். 'ராஜா நம் கழுத்தில் போட்ட சங்கிலி இவன்தான்' என்று குடியரசுக்காரர்கள் சுவரொட்டி அடித்தார்கள். 'பொறுங்கள், அரசரின் கருணை நிச்சயம் வரும்' என்று மறுதரப்பு அதே படத்தைப் போட்டு அடித்தது. பனியன்களில்கூட அந்தப் படம் வந்தது. நானும் ஒன்று வாங்கினேன், எல்லாரும் வாங்கினார்கள் என்று.

கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் ஆணையம் மீன்வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெர்லின் மறுபடி வந்தார்.

"ஐயா, எல்லாரும் கை தட்டுனீங்க. அப்ப எப்ப விடுவீங்க?"

சர் எவரார்ட் தட்டைக் கீழே வைத்தார். அவர் வாயிலிருந்து வந்ததை ஒரு சொல் விடாமல் நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"பாருங்க மிஸ் வெர்லின். இன்னிக்கே விடலாம். கவர்னர் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. ஆனா யாரு பேருல போடுவாரு? ராஜா பேருல! இருபத்தொன்பது வருஷம் தலை நிமிர்ந்து காத்திருந்த ஒரு மனுஷன், கடைசில அந்நிய ராஜாவோட தயவுலயா வெளிய வரணும்? அது அவருக்கு அவமானம் இல்லையா?"

"அவன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான் ஐயா."

"அவர் நெனச்சுக்க மாட்டாரு. நாடு நெனச்சுக்கும். அதோட, இப்ப அவர விட்டுட்டா, ராஜா நல்லவர்னு ஆயிடும். அப்புறம் நாங்க எத வெச்சுக் குடியரசு கேப்போம்?"

வெர்லின் என்னைப் பார்த்தார். நான் மீன்வடையைப் பார்த்தேன். 'தலைவர் அப்பெண்மணிக்கு ஆறுதல் கூறினார்' என்று அன்றைய குறிப்பில் எழுதினேன்.

குடியரசு ஆவது என்று ஏறக்குறைய முடிவானது. சட்டப் புத்தகங்களில் 'அரசர்' வரும் இடமெல்லாம் மாற்ற வேண்டுமே. முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் தகராறே வரவில்லை. தகராறு வந்தது ஒரே ஒரு சொல்லில், அதுவும் திருவுளத்தில். குடியரசில் யாருக்கும் 'திரு' தனியாகக் கிடையாது, ஆகவே வெறும் 'உளம்' போதும் என்றார் ஒரு வக்கீல். வெறும் உளம் என்றால் மனநோய் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றார் ஒரு டாக்டர். 'விருப்பம்' என்று வைத்தால் சாப்பாட்டுக் கடை நினைவு வருகிறது என்றார்கள். 'சித்தம்' கடவுளுக்கு உரியது என்று பாதிரியார் கோபித்துக்கொண்டார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது வாய் தவறி, "ஐயா, 'முடிவு'ன்னு வெச்சா?" என்றேன்.

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"முடிவுன்னு வெச்சா யாராவது முடிவு எடுக்கணுமே, கிளிட்டஸ்," என்றார் சர் எவரார்ட், பிள்ளைக்குச் சொல்வது போல.

அந்த ஆலோசனை ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. இதற்கு மட்டும் பதினோரு அமர்வு. கடைசியில் சொல் அப்படியே இருக்கட்டும், உரிமையாளர் மட்டும் மாறட்டும் என்று தீர்மானம் ஆனது. 'அரசரின் திருவுளம்' என்ற இடத்தில் 'குடியரசுத் தலைவரின் திருவுளம்' என்று படித்துக்கொள்ள வேண்டும். பதினோரு அமர்விலும் அந்தச் சொல்லுக்கு உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று யாரும் பேசவில்லை. நானும்தான்.

குடியரசு நாள் வந்தது. பழைய கொடி இறங்கி, புதிய கொடி ஏறி, பீரங்கி இருபத்தொரு தடவை முழங்கியது. தபால்பெட்டியிலிருந்தும் காவலர் தொப்பியிலிருந்தும் கிரீடத்தைக் கழற்றினார்கள். வெர்லின் அன்றைக்குக் கடை போடவில்லை. தம்பிக்குப் பச்சைத் துணியில் புதுச் சட்டை ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். விழாவை ஒட்டி அறுபத்துநான்கு கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு. பட்டியலை மைதானத்திலேயே வாசித்தார்கள். வெர்லினின் எரிவாயு உருளையை இரண்டு தடவை திருடியவன் பெயர் வந்தது. ஆல்ரிக் பெயர் வரவில்லை.

பட்டியல் வாசித்த அதிகாரியை வெர்லின் மேடைக்குப் பின்னால் பிடித்துவிட்டார்.

"மன்னிப்புங்கறது குத்தம் செஞ்சவங்களுக்கு மிஸ் வெர்லின். உங்க தம்பி எந்தக் குத்தமும் செஞ்சதா நிரூபணம் ஆகல. எதை மன்னிக்கிறது?"

"அப்ப செஞ்சான்னு எழுதிக்கோங்க. உடைச்சது அவன்தான், ஊரே பாத்துச்சு. நான் கையெழுத்துப் போடறேன்."

அதிகாரி அதிர்ந்துபோனார். "குடியரசுல அப்படி யாரையும் குத்தவாளின்னு சொல்லிட முடியாதும்மா! நிரூபிக்கிற வரைக்கும் ஒவ்வொரு குடிமகனும் நிரபராதி. இன்னிலேருந்து அது உங்க தம்பியோட பிறப்புரிமை."

அப்போதும் வெர்லின் விடவில்லை. குடியரசுத் தலைவர் மாளிகையைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருந்த வாரம், மூன்று மணி நேரம் வரிசையில் நின்று தலைவரின் கையைப் பிடித்துவிட்டார். துணைக்கு நான் போயிருந்தேன். தலைவர் ஓய்வு பெற்ற கண் மருத்துவர், டாக்டர் மெர்வினா. நல்ல மனுஷி. கேட்டுவிட்டு உண்மையாகவே அழுதுவிட்டார்.

"எனக்கு இன்னிக்கே விட்டுடணும்னு இருக்கு. ஆனா நான் இங்க கையெழுத்துப் போடற வெறும் கைதான், மிஸ் வெர்லின். எனக்குன்னு தனியா ஒரு எண்ணம் இருக்கக் கூடாதுன்னு சட்டம். அமைச்சரவை ஆலோசனை சொன்னா, அதுதான் என் திருவுளம்."

அமைச்சரவைக்கு எழுதினோம். கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். பதில் வந்தது. தலைவரின் திருவுளம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தலைவர் கேட்காமல் அமைச்சரவை ஆலோசனை சொல்வது அவரது மாட்சிமையில் தலையிடுவதாகும். தலைவரைக் கேட்கச் சொன்னோம். ஆலோசனை கேட்கலாமா என்று தனக்கு யாராவது ஆலோசனை சொன்னால்தான் கேட்க முடியும் என்றார். இரண்டு தரப்பும் ஆல்ரிக் விடுதலை ஆக வேண்டும் என்று மனதார விரும்பியது. எனக்கு யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வெர்லினோடு நானும் சிறைக்குப் போனேன். அலுவலாகத்தான். காத்திருக்க வேண்டிய திருவுளம் கைமாறிவிட்டது என்ற அறிவிப்பை உரியவரிடம் நேரில் கொடுக்க வேண்டும், அவர் உள்ளே வந்த தேதி இரண்டாவது தடவையாக மாறியதையும் தெரிவிக்க வேண்டும்.

ஆல்ரிக்குக்கு இப்போது ஐம்பத்தொன்று. தலை நரைத்து, பல் இரண்டு போய், அமைதியாக இருந்தான். பக்கத்தில் லென்வர்த் என்ற வார்டர், இவன் வந்த வருஷமே வேலைக்குச் சேர்ந்தவர். அறிவிப்பை வாசித்தேன். ஆல்ரிக் கவனமாகக் கேட்டான்.

"அப்ப ராஜா இல்லையா?"

"இல்ல."

"இப்ப யாரு நாட்டுக்கு?"

"மக்கள்தான்," என்றேன். ஆணையத்தின் அறிக்கையில் முதல் வரி அதுதான், நான் எழுதியது.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

ஆல்ரிக் அக்காவைப் பார்த்தான். "நீ?"

"நானும்தாண்டா."

"நான் வெளிய வர்றதுல உனக்கு இஷ்டமா?"

வெர்லின் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆல்ரிக் ஒரு விரலை மடக்கினான். லென்வர்த் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்கு, மிஸ்டர் லென்வர்த்?"

"எனக்கு எப்பவோ இஷ்டம்தான் ஆல்ரிக்," என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஆனா டியூட்டில இருக்கறப்ப எனக்கு இஷ்டம்னு எதுவும் கிடையாது. ஆறு மணிக்கு மேல கேளு."

அதற்கும் அவன் பாதி விரல் மடக்கினான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமில்லை, கெஞ்சலில்லை, எண்ணிக்கையில் அடுத்த ஆள் நான், அவ்வளவுதான்.

"கிளிட்டஸ், உனக்கு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அதைச் சொன்னால் என்ன ஆகிவிடும் என்று இப்போது எனக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு நான் அரசாங்கத்தின் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வருஷச் சர்வீஸ் என் வாயில் பேசியது.

"அதை எழுத்துல குடுத்துடு ஆல்ரிக். பாத்து பதில் சொல்றேன்."

வெர்லின் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பையிலிருந்த ரொட்டியை எடுத்துத் தம்பி முன்னால் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆல்ரிக் மட்டும் அதை நியாயமான பேச்சாக எடுத்துக்கொண்டு, எழுதுவதற்குப் பேனா கேட்டான். உள்ளே இருப்பவர்கள் கையில் பேனா கொடுக்க விதியில் இடமில்லை என்றார் லென்வர்த். என் சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள் இருந்தன.